வேப்பந்தழை போட்ட இடம்

மேஸ்திரியம்மா செத்தபோது நான் போகவில்லை. தெருவே போனது. "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுடி, செத்தவ மேல இன்னா கோவம்" என்று சொன்னவர்களும் உண்டு. ஆள் செத்தால் கோபமும் சாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? நான் வீட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கோயிலில் சாவு மணி அடித்தது காதில் விழுந்தது. கை நிற்கவில்லை.

ஏன் என்று எழுதிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நானும் அக்காவும் புதுச்சேரியில் ஒரு துணி ஆலையில் வேலை செய்தோம். வீடு நெல்லித்தோப்பில். அப்பா இல்லை. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நான் நூல் சுற்றும் பக்கம். அக்கா மடிப்புக் கூடத்தில். ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறும் நீலத் துணி அங்கேதான் மடித்துக் கட்டாகும். அந்தக் கூடத்துக்கு ஒரு மேஸ்திரி. அவன் பெண்டாட்டிக்கு ஆலை வாசலில் வேலை. வேலை முடிந்து வெளியே போகும் பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்புவாள். கொண்டை, இடுப்பு, சோற்றுத் தூக்கு, எதையும் விடமாட்டாள். எப்போதும் ஈரமாக, சில்லென்று இருக்கும் கை. அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

அந்த வருஷம் ஐப்பசியில் அக்காவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை அதே ஆலையில் தறி ஓட்டுகிறவன். எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில் சாமியார் பெண் மாப்பிள்ளை பேரைச் சொல்லி ஓலை வாசிப்பார். தடை ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். அக்காவுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது பாக்கி.

மூன்றாவது ஓலைக்கு முந்தின வாரம் மடிப்புக் கூடத்தில் துணி குறைகிறது என்று முசே கத்தினார். முசே என்றால் ஆலையில் எல்லோருக்கும் மேலே இருந்த வெள்ளைக்காரர். அவருக்கு ஒரு திருடன் வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் சங்கு ஊதி நாங்கள் வரிசையில் நின்றபோது, மேஸ்திரியம்மா அக்காவின் இடுப்பில் கை விட்டாள். கை வெளியே வந்தபோது அதில் ஒரு முழம் நீலத் துணி சுருட்டி இருந்தது.

"ஓலை வாசிச்ச பொண்ணு சீதனம் சேத்துக்கினு போறா, பாருங்கடி!" என்று அவள் கூவினாள்.

சிலர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியும். பக்கத்தில் ஆண்கள் வரிசை. மாப்பிள்ளை அதில் நின்றான். தரையைப் பார்த்தான். அக்காவை அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து அக்கா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "அந்தத் துணி அவ உள்ளங்கையிலியே இருந்துதுடி. கை உள்ள வரும்போதே துணி பட்டுது."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பேரை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். அக்கா பேர் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் போய் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயில் முழுக்கத் தலை திரும்பியது. முன்வரிசையில் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு மேஸ்திரியம்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் திரும்பினாள். சிரித்தாள். நற்கருணை வாங்கிய வாய்.

வீட்டுக்கு வந்து அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். முந்தின நாள் நல்ல இடி, நல்ல மழை. இடி இடித்த மறுநாள் புற்றுக் காளான் பூக்கும். ஆலைக்காரப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கை ஓய்வு. மத்தியானம் தாண்டியதும் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மேற்கே கிளம்பினார்கள்.

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "எழுந்து வா."

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். நீ உள்ளியே படுத்துக்கினு இருந்தா, எடுத்தவதான் படுத்துக்கினு இருக்கான்னு சொல்லுவாங்க."

வந்தாள்.

ஊருக்கு மேற்கே செம்மண் மேடு. முந்திரிப் புதரும் பனையுமாக இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் இங்கிலீஷ்காரன் எல்லை. மேட்டின் நடுவில் ஒரு பழைய அவுரித் தொட்டிக் கட்டடம் இருந்தது. எங்கள் அம்மாவின் சின்ன வயதிலேயே அது மூடிப்போய்விட்டதாம். அவுரிச் செடியை ஊறப்போட்டு நீலம் எடுத்த இடம். வெளியே படிப்படியாகப் பெரிய தொட்டிகள். உள்ளே நீலக் கட்டிகளைக் காய வைத்த நீளமான கூடம். பாதிக் கூரை விழுந்துவிட்டது. சுவரைப் பிளந்து அரசமரம் வளர்ந்து நின்றது. தொட்டியில் விழுந்து செத்த ஒரு கங்காணி இன்னும் உள்ளே உலாவுகிறான் என்று சொல்லி, யாரும் வாசலைத் தாண்டமாட்டார்கள். வெளி முற்றத்தில் மட்டும் புற்றுகள் நிறைய. காளானும் நிறைய.

காளான் எடுப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. பூத்ததை எடுத்துவிட்டு, மொட்டாக இருப்பதை மறுநாள் விடியலில், வேலைக்குப் போகுமுன் வந்து எடுக்க விடுவோம். விடும்போது அதன்மேல் ஆவாரந்தழையோ நொச்சித்தழையோ ஒடித்துப் போட்டு வைப்போம். தழை போட்ட புற்று போட்டவளுடையது. மறுநாள் வெயில் ஏறும் வரை வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். பசியாகக் கிடந்தாலும் தொடமாட்டார்கள். காவல் கிடையாது, பேச்சு கிடையாது. தழைதான் பூட்டு.

அந்தப் பூட்டை உடைக்கிறவள் ஒருத்திதான் இருந்தாள். மேஸ்திரியம்மா. யார் தழை போட்டிருந்தாலும் காலால் தள்ளிவிட்டு, உள்ளே இருப்பதைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொள்வாள். கேட்டால் மறுநாள் வாசலில் சோதனை வேறு மாதிரி இருக்கும். அதனால் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் போனபோது அவளும் வந்திருந்தாள். பெரிய கூடை. எங்களைப் பார்த்து, "இன்னாடி, இன்னைக்கு ஓலை வாசிக்கலயாமே? சாமியாருக்குக் கண்ணு தெரியலயா?" என்று கேட்டுவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள்.

அக்கா குனிந்து காளான் எடுத்துக்கொண்டே இருந்தாள். குச்சியால் மண்ணைக் கிளறி, வேர் அறுந்துவிடாமல் மெதுவாக உருவினாள். வெள்ளை வெளேரென்று குடை, நடுவில் கூராக ஒரு முனை. ஒன்றுகூட ஒடியவில்லை.

மறுபடி மழை பிடித்தது. மற்றவர்கள் பனைகளின் அடியில் ஒதுங்கினார்கள். மேஸ்திரியம்மா அங்கே நின்றதால் நான் அக்காவை இழுத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போனேன். பேயா அவளா என்று பார்த்தால் எனக்குப் பேய் தேவலை.

உள்ளே வௌவால் நாற்றம். சுவரில் இடுப்பு உயரத்துக்கு இன்னும் நீலம் அப்பியிருந்தது. கை வைத்தால் விரலில் ஒட்டியது. கூடத்தைத் தாண்டி ஒரு சின்ன அறை. அதற்கு மட்டும் கூரை முழுசாக இருந்தது. மூலையில், காரை பூசிய தரையில், தழை போட்டிருந்தது. குவியலாக, என் இடுப்பு உயரம்.

"யாரோ மொட்டு மூடி வெச்சிருக்காங்க. வா போலாம்," என்றாள் அக்கா.

நான் நகரவில்லை. காரைத் தரையில் எப்படிக் காளான் முளைக்கும்? அதுவும் மழையே படாத அறையில்? கிட்டே போய்ப் பார்த்தேன். போட்டிருந்தது வேப்பந்தழை. எங்களில் யாரும் காளானுக்கு வேப்பந்தழை போடமாட்டோம். கசப்பு இறங்கிவிடும் என்பார்கள். இது தழை போடுவதைத் தூர இருந்து பார்த்தவன் செய்த வேலை. தழை போட்டால் பெண்கள் தொடமாட்டார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு பக்கம் விலக்கினேன். கீழே ஜமுக்காளம். சிவப்பும் பச்சையும் பட்டை. ஓரத்தில் நெருப்புப் பட்ட ஓட்டையை மஞ்சள் நூலால் தைத்திருந்தது. அதன் மடிப்புக்குள் நீலத் துணி. கட்டுக் கட்டாக. எங்கள் ஆலை முத்திரையோடு.

அந்த ஜமுக்காளம் நெல்லித்தோப்புக்கே தெரியும். மேஸ்திரியம்மாவின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. ஒரு மாதமாகக் குழாயடியில் அவளுக்கு வேறு பேச்சே இல்லை. "மஞ்ச நூல்ல நானே தெச்சது. கடலூர்ல தம்பி வூட்டு விசேசம்னு எங்க ஊட்டுக்காரு தூக்கிக்கினு போனாரு, இன்னும் திரும்பல" என்று தினமும் புலம்பினாள்.

நான் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தேன்.

அக்கா வெளிறிப்போனாள். "மூடுடி. நம்மள இங்க பாத்தா நாமதான் கொண்டாந்து வெச்சோம்னு சொல்லுவாங்க. மாதா சத்தியமா மூடு."

அக்கா சொன்னது சரிதான். நாங்கள் போய்ச் சொன்னால் எங்கள் கையில்தான் விலங்கு மாட்டியிருப்பார்கள். நான் தழையை இருந்தபடியே மூடினேன். ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மழை விட்டதும் வாசலில் நின்றுகொண்டு, மேஸ்திரியம்மா காதில் விழுகிற மாதிரி அக்காவிடம் சத்தமாகச் சொன்னேன்.

"ஐயோ, எவ்ளோ பெரிய குவியலு! வேணாங்க்கா, தொடாத. யாரோ தழை போட்டிருக்காங்க. அடுத்தவங்க தழைய நாம தொடலாமா?"

அவள் கழுத்து எங்கள் பக்கம் திரும்பியது.

"எங்கடி?"

"உள்ள. கடைசி ரூம்பு. வேணாம் மேஸ்திரியம்மா, பேய் இருக்குதாம்."

"பேயாம் பேயி. அதுவும் இங்க எனக்குத்தான் சலாம் போடணும்," என்று கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் பனையடிப் பெண்களைக் கூப்பிட்டேன். "வாங்கடி, இன்னைக்கு யாரு தழைய எடுக்கறாங்கன்னு வந்து பாருங்க. உங்களுதா இருக்கப் போவுது." தங்களுடையதாக இருக்குமோ என்ற பயத்தில் எல்லோரும் ஓடிவந்தார்கள். பேய் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.

நாங்கள் அந்த அறை வாசலை அடைத்து நின்றோம். மேஸ்திரியம்மா குனிந்து இரண்டு கையாலும் தழையை வாரி எறிந்தாள். அப்புறம் அப்படியே நின்றாள். யோசித்திருந்தால் வாயை மூடியிருப்பாள். யோசிக்கவில்லை.

"அடப்பாவி! இது என் ஜமுக்காளமாச்சே! கடலூர்ல கீதுன்னானே!"

இழுத்தாள். நீலக் கட்டுகள் தரையில் உருண்டன.

ஒருத்தி, மடிப்புக் கூடத்தில் அக்கா பக்கத்தில் வேலை செய்கிறவள், மெதுவாகச் சொன்னாள். "சீதனம் நல்லாத்தான் சேத்து வெச்சிருக்காரு மேஸ்திரி."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஜமுக்காளத்தை மார்போடு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஆலை வாசலில் சோதனைக்கு நாங்கள் எப்படி நின்றோமோ அப்படி நின்றாள். தழையை யார் தொடமாட்டார்கள் என்று கணக்குப் போட்ட மேஸ்திரி, தன் வீட்டில் இருப்பவளை மறந்துவிட்டான்.

கட்டுகளை ஜமுக்காளத்திலேயே மூட்டையாகக் கட்டினோம். தலை மாற்றித் தலை தூக்கிக்கொண்டு ஆலைக்கு நடந்தோம். மேஸ்திரியம்மா என் பின்னால் சேற்றில் வழுக்கிக்கொண்டே வந்தாள். காளான் கூடையை எங்கேயோ போட்டுவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. கண்ணு, சொல்றதக் கேளு. அவருதான் துண்டக் குடுத்து, இந்தப் பொண்ணு இடுப்புல எடுத்தேன்னு காட்டுன்னாரு. திருடிதான், கைல சிக்கலன்னாரு. நம்பினேன்."

ஆலை வாசலில் அவளுக்கு நான் கழுதை. இப்போது கண்ணு.

"அத அங்க முசே எதிர்ல சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"சொன்னா?"

"சொன்னா ஜமுக்காளத்தத் தரேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். புருஷனை விட ஜமுக்காளம் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அவள் அம்மா கொடுத்தது, அது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் கேட்டேன்.

ஆலைக்குப் போகும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்காவைச் சோதனை போட்ட அதே இடத்தில் மூட்டையை இறக்கினோம். வரும் வழியில் சேர்ந்த கூட்டத்தோடு தெருவே அங்கே இருந்தது. முசே பங்களா ஆலை மதிலுக்குள்ளேயே. சத்தம் கேட்டுக் கழுத்தில் சாப்பாட்டுத் துணியோடு வெளியே வந்தார். சாராயக் கடையிலிருந்து மேஸ்திரியை யாரோ இழுத்து வந்தார்கள். மூட்டையைப் பார்த்ததும் அவனுக்குப் போதை இறங்கியது. ஆனாலும் ஆள் லேசில் விழவில்லை.

"எவனோ களவாணி எங்க ஊட்டு ஜமுக்காளத்தத் திருடிக்கினு போய் இதுல கட்டியிருக்கான், முசே."

"அப்ப உங்க கடலூர் தம்பிதான் களவாணியா மேஸ்திரி?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அக்காவைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள். நான் அதையும் பார்த்துக்கொண்டேன்.

மேஸ்திரியம்மா என்னைப் பார்த்தாள். நான் மூட்டையைப் பார்த்தேன். அவள் முன்னால் வந்து, துண்டு தன் கையில் எப்படி வந்தது என்பதை எல்லோர் எதிரிலும் சொன்னாள். வாசல் காவலாள் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் முசேவுக்குச் சொன்னான். முசே அக்காவைப் பார்த்து, "நாளைக்கு வேலைக்கு வா" என்று தமிழில் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு எந்த மொழியிலும் வரவில்லை.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவிடம் வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலைய வாசிக்கச் சொல்லிடலாம்."

காளான் கூடை அக்காவின் இடுப்பிலேயே இருந்தது. செம்மண் மேட்டிலிருந்து அதுவரை அவள் அதைக் கீழே வைக்கவே இல்லை. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு நீ எங்க நின்ன?"

"அங்கதான். வரிசையில."

"இன்னைக்கும் அங்கியே நில்லு."

அவ்வளவுதான் சொன்னாள். கூடையை இடம் மாற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவனை நான் வாயார நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது.

நானும் கிளம்பினேன். மேஸ்திரியம்மா ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்தாள். "சொல்லிட்டேனே. ஜமுக்காளம்?"

"எந்த ஜமுக்காளம்?" என்றேன்.

அன்றைக்கு அம்மா மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுக் காளான் குழம்பு வைத்தாள். அக்கா இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். அப்படி ஒரு குழம்பு நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

மேஸ்திரியைச் சிப்பாய்கள் கொண்டுபோனார்கள். அவளுக்கும் வேலை போனது. தவளக்குப்பம் பக்கம் போய்க் கருவாடு விற்றுப் பிழைத்தாள். ஒரு தடவை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, சந்தையில் அவள் கூடைக்கு எதிரில் போய் நின்றேன். அவள் விலை சொல்லத் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். கடைசிக் காலத்தில் நெல்லித்தோப்புக்கே திரும்பி வந்து செத்தாள். அதைத்தான் முதலில் சொன்னேன்.

பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தடவை சாமியாரிடம் இதைச் சொன்னேன். "கொடுத்த வாக்கை மீறினதுக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படு" என்றார். "அது வரல சாமி, வந்தா சொல்றேன்" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அக்கா சில வருஷம் கழித்து ஒரு தச்சரைக் கட்டிக்கொண்டாள். மூன்று ஓலையும் வாசித்தார்கள். ஒழுங்கான மனிதர். அதுவரைக்கும் மடிப்புக் கூடத்தில்தான் வேலை செய்தாள்.

ஆலையில் கிடந்த ஜமுக்காளத்தை அப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. வாசல் காவலாள் அதை இரண்டாக மடித்து, சோதனை போடும் இடத்தில் தரையில் விரித்து வைத்தான். மழைக் காலத்தில் எல்லோரும் அதன்மேல்தான் ஏறிப் போனார்கள். அக்கா மட்டும் ஒரு நாளும் அதை மிதிக்கவில்லை. ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவாள். நான் தினமும் நின்று, அந்த மஞ்சள் நூல் தைத்த ஓரமாகப் பார்த்து, இரண்டு காலையும் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே போவேன். வெயில் காலத்திலும் துடைத்தேன். அது நூல் நூலாகப் பிரிந்து போகும் வரைக்கும் துடைத்தேன்.